455-ம் 280-ம் ஒன்றா?

என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இது நான்காவது வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு பி.டி.ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்போம். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கும். அதை ஈடுகட்ட இந்தச் சுரப்பிகள் பி.டி.ஹெச் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். இப்படியே போனால் எலும்பு வலுவிழந்துவிடும்.

சென்ற முறை அவருக்கு 455. இந்த முறை கட்டணம் குறைவு என்று தெருமுனையில் இருக்கும் வேறு லேபில் கொடுத்தோம். மொபைலில் ரிசல்ட் வந்தது. 280!

அன்று எங்கள் வீட்டில் தீபாவளிதான். “மடமடன்னு இறங்கிடுச்சே, இனி எதுக்கு?” என்று சாப்பாட்டோடு போடும் பாஸ்பரஸ் மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. அதோடு விட்டேனா? நான்கு வருடமாக வீட்டுக்குள் விடாத கடலை மிட்டாயை நானே வாங்கிவந்து கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, பாராட்டு கிடைக்கும் என்ற நினைப்பில் இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் நீட்டினேன்.

“நம்பருக்குப் பக்கத்துல நார்மல் அளவு போட்டிருக்கே, அதைப் பார்த்தீங்களாம்மா?” என்றார்.

பழைய லேபில் நார்மலின் உச்ச அளவு 65. புது லேபில் 40.

“ரெண்டு லேபும் வேற வேற முறையில பார்க்கறாங்க. பழைய முறை, ஹார்மோனோட உடைஞ்ச துண்டுகளையும் சேர்த்து எண்ணிடும். கிட்னி வேலை செய்யாதவங்க ரத்தத்துல அந்தத் துண்டுகள் நிறைய தங்கும். புது முறை முழு ஹார்மோனை மட்டும்தான் எண்ணும். அதனால நம்பர் குறைவாத்தான் வரும்” என்றவர், கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். 455-ஐ 65-ஆல் வகுத்தேன். 7. 280-ஐ 40-ஆல் வகுத்தேன். அதுவும் 7!

“இது தோராயக் கணக்குதான். ஆனா, குறைஞ்சிடுச்சுன்னு சொல்ல முடியாது.”

என் கணவர் தலை நிமிரவில்லை. எனக்கோ அழுகையே வந்துவிட்டது. அந்த வாரப் பரிசோதனையில் பாஸ்பரஸும் ஏறியிருந்தது.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொதுவாக, அந்தந்த லேபின் உச்ச அளவைப்போல் 2 முதல் 9 மடங்குக்குள் பி.டி.ஹெச் இருக்கலாம். ஒரு தடவை வரும் நம்பரைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஒரே முறை வேண்டும். எந்தக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் வெளியில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இப்போது என் நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் லேபின் பெயரையும் உச்ச அளவையும் சேர்த்தே எழுதுகிறேன். மிச்சமிருந்த கடலை மிட்டாய், பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண்ணுக்குப் போய்விட்டது!