மாமியாருடன் கொல்லிமலைக்கு

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. மறைமலை நகர்! ஆனால் அந்த மலை மண்ணில் இல்லை, மொழியில்தான் இருக்கிறது. வேதாசலம் என்ற தமிழறிஞர், தம் பெயரில் இருந்த வேதத்தை 'மறை' என்றும், அசலத்தை 'மலை' என்றும் தமிழாக்கிக்கொண்டு மறைமலை அடிகள் ஆனார். அவர் நினைவாகத்தான் எங்கள் ஊருக்கு இந்தப் பெயர். அக்கினி நட்சத்திரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் குடையும் கையுமாகப் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பெயரில் இருக்கிற மலை பெயருக்காவது கொஞ்சம் குளிர்ச்சி தரக் கூடாதா?" என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், "அம்மா, இங்கே வந்து பாரேன்!" என்று கூவினான்.

ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில், பால்கன் பிரதேசத்தில், மாண்டினீக்ரோ என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. அங்கே துர்மிட்டோர் மலைத்தொடரில், சுமார் 1,450 மீட்டர் உயரத்தில், ழாப்ளியாக் என்று ஓர் ஊர். செங்குத்தான கூரை போட்ட மர வீடுகள், ஊசியிலைக் காடு, பக்கத்தில் 'கறுப்பு ஏரி' என்று ஓர் ஏரி. பார்க்கப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

"இப்போதெல்லாம் சுவிட்சர்லாந்துக்குப் போவது பழைய பாணி அம்மா. இப்படி யாருக்கும் தெரியாத மலை ஊருக்குப் போவதுதான் பெருமை!" என்றான் மகன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தினார்.

"யாருக்கும் தெரியாத ஊருக்கு அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? பாஸ்போர்ட் இல்லாமப் போற மாதிரி ஒரு மலை நம்ம பக்கம் இல்லையா?"

அத்தைக்கு வயது எழுபத்தொன்று. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். திருக்கழுக்குன்றத்தையும் திருப்பதியையும் தவிர வேறு மலை ஏறியதில்லை. அவராக வாய் திறந்து ஓர் ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அத்தைக்கும் சண்டை கிடையாது. ஆனால் எங்களுக்கு நடுவில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. நான்கு வருஷங்களுக்கு முன்னால் கிராமத்து வீட்டை விட்டு மூன்றாவது மாடிக் குடியிருப்புக்கு வந்தபோது, 'இதையெல்லாம் யார் மாடிக்குத் தூக்குவது?' என்று அவருடைய அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நான் யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டேன். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போலப் பேசினார். ஆனால் அன்று முதல், சமையலறையில் மிக்ஸி சத்தம் கேட்டால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். 'வயதானவர்களுக்குப் பழைய சாமான்மேல் ஆசை' என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஊட்டியும் கொடைக்கானலும் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கூட்டம் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில், 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் முறையே வந்துவிட்டது அல்லவா? கடைசியில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை என்று முடிவு செய்தோம்.

கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறி, விடியும் நேரம் சேலம். அங்கிருந்து நாமக்கல். பிறகு மலைக்குப் போகிற பஸ். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி என்ற அடிவாரத்தில் ஆரம்பிக்கிறது வேடிக்கை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. எழுபது வளைவுக்கும் தேவைப்படும் என்று எலுமிச்சம்பழங்களை அத்தைக்காக மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தேன். இருபதாவது வளைவுக்குள் என் மகனுக்கு ஒன்று, முப்பதாவதில் என் கணவருக்கு ஒன்று, நாற்பதாவதில் எனக்கு ஒன்று என்று தீர்ந்துகொண்டே வந்தது. அத்தையோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பத்திரெண்டு... ஐம்பத்திமூணு..." என்று ஸகஸ்ரநாமம் சொல்வதுபோல் எண்ணிக்கொண்டிருந்தார்.

மேலே சோளக்காடு, செம்மேடு. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை உயரமுள்ள பீடபூமி. சில்வர் ஓக் மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடிகள். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். சந்தையில் மலைபோல் பலாப்பழம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை இது. பார்த்தவர்களைச் சிரித்தே மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை என்று சங்கப் புலவர்கள் பாடினார்களே, அந்தப் பாவையும் இந்த மலைக்குரியவள்தான். இவ்வளவு பெருமை இருந்தும், ஊட்டியைப்போல அடுக்கடுக்கான ஓட்டல்கள் இங்கே இல்லை. 'ஆகா! இதுவல்லவோ கெடாத மலை!' என்று நான் மனத்துக்குள் கட்டுரையை எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் அறப்பளீஸ்வரரைத் தரிசித்தோம். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அத்தையின் முழங்கால் இடம் கொடுக்காது. அப்பாவும் பிள்ளையும் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் அத்தைக்குத் துணையாக நின்றேன். 'அருவியைப் பார்க்காமல் திரும்பப் போகிறோமே' என்ற குறை என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சும்மா உட்கார்ந்திருந்தா கால் மரத்துப்போகும். கொஞ்சம் நடக்கலாம் வா" என்றார் அத்தை.

வயலோரப் பாதையில் சிறிது தூரம் நடந்ததும், 'தொம், தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை நின்றார். "குத்துறாங்க!" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

ஓட்டு வீட்டு முற்றத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கல்லுரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். உலக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறி மாறிப் போயிற்று. எங்களைப் பார்த்ததும் திண்ணையைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றார். நான் உடனே கைபேசியை எடுத்து, உரலையும் உலக்கையையும் அந்த அம்மாளையும் நாலு கோணத்தில் படம் பிடித்தேன்.

"எந்த ஊரும்மா?"

"காஞ்சிபுரம் பக்கம்" என்றார் அத்தை.

அந்த அம்மாள் உலக்கையை நிறுத்தினார். "காஞ்சிபுரமா? எங்க ஆளுங்களும் அங்கிருந்துதான் வந்தாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க!"

இந்த மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்றுதான் பொருள். காஞ்சியிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இது பதிவாகியிருக்கிறது.

"அப்போ நீ எங்க ஊர்க்காரிதான்!" என்று அத்தை உரிமையோடு முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட்டார். எழுபத்தொரு வயதுக் கை, ஒரு தானியம் வெளியே சிந்தவில்லை. பத்து வயதில் தாயாருடன் சேர்ந்து நெல் குத்திய பழக்கமாம்.

நான் இன்னொரு படம் எடுக்கப் போனேன். "படம் போதும். குத்திப் பாரு" என்றார் அத்தை.

குத்தினேன். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றது. அரை மணியில் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். உரலில் பார்த்தால் உமி பாதிகூடப் போகவில்லை! சாமையின் உமி லேசில் விடாது. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும்.

"தினமும் இப்படியா?" என்றேன், மூச்சு வாங்க.

"முன்னே அப்படித்தான். இப்போ ஊர்ல மிஷின் இருக்கு. இன்னிக்குக் கரண்டு இல்லை, ராத்திரிச் சோத்துக்கு வேணுமேன்னு குத்தறேன்" என்றார் அந்த அம்மாள். பிறகு சிரித்துக்கொண்டே, "போன மாசம் வந்தவங்க, 'மிஷின் எதுக்கு? உரல்தானே அழகு'ன்னாங்க. அவங்க குத்திப் பார்க்கலை!" என்றார்.

என் கைபேசி எனக்கே கனத்தது.

இந்த மலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகுமே உணவு. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு வந்து நிலங்களைப் பிடித்துக்கொண்டது. அதில் கையில் காசு வந்தது. ரேஷன் கடையில் அரிசியும் வந்தது. அரிசியை உலையில் போட்டால் போதும். சாமையை முதலில் உரலில் போட வேண்டும். பெண்களின் தோள்வலி ஒரு தானியத்தையே விளைநிலத்திலிருந்து விரட்டியதில் பாதிப் பங்கு வகித்தது என்றால் மிகையில்லை. 1990-களிலிருந்து இங்கே வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதைகளைக் காப்பாற்றியதோடு நிற்காமல், கிராமங்களில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்களையும் கொண்டுவந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தாம்பரம் கடைகளில் பளபளக்கும் பையில் சாமை வாங்கும்போது, அதற்குப் பின்னால் ஓர் உரல் இருந்தது என்பது நமக்கு எங்கே தெரிகிறது?

"மிஷினு வைக்கிறதுக்கு முன்னே எங்களைக் கேட்டாங்கம்மா. 'சாமையிலே உங்களுக்கு என்ன கஷ்டம்?'னு. பொம்பளைங்க எல்லாரும் ஒரே வாயா, 'குத்தறதுதான்'னோம்" என்றார் அந்த அம்மாள்.

"கேட்டாங்களா?" என்றார் அத்தை. புடைத்துக்கொண்டிருந்த முறம் ஒரு கணம் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது இரண்டு கிலோ சாமை வாங்கினேன். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். "அரை மணி குத்தினியே, அதுக்கு நீ என்ன கூலி கேட்பே?" என்று அத்தை காதோடு கேட்டார். பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்தேன்.

திரும்பி நடக்கையில் நான்தான் ஆரம்பித்தேன். "அத்தை, உங்கள் அம்மியைக் கொடுத்திருக்கக் கூடாது. உங்களுக்கு அதன்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது."

அத்தை சிரித்தார். "ஆசையா? நாற்பது வருஷம் அதிலே அரைச்சு இந்தத் தோள் போனது எனக்குத்தானே தெரியும்! மிக்ஸி வந்தப்போ நான் சாமிக்குத் தேங்காய் உடைச்சேன்."

"பின்னே ஏன் இரண்டு நாள் பேசவில்லை?"

கொஞ்ச தூரம் மௌனமாக நடந்தார். பிறகு, "என்னை ஒரு வார்த்தை கேட்கலியேம்மா. கேட்டிருந்தா நானே 'கொடுத்துடு'ன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை, குரல் உயரவில்லை. நான்கு வருஷங்களாக நான் அவருடைய மனத்தில் இருப்பதாக நினைத்தது வேறு, இருந்தது வேறு. அந்த மலையைப் பற்றியும் அப்படித்தானே? 'கெடாத மலை' என்று நான் எழுத நினைத்தேனே, அது உரல் போகாத மலை, தோள்வலி போகாத மலை என்றும் பொருள்படும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நாலு நாள் காற்று வாங்க வருகிற நாம், அங்கே இருக்கிறவர்களைக் கேட்காமலே, எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

அருவியிலிருந்து நனைந்த தலையோடு ஏறி வந்த என் மகன், "பாட்டி, நீங்கள் ஆகாய கங்கையைத் தவறவிட்டுவிட்டீர்களே! ழாப்ளியாக்கே தோற்றுவிடும்!" என்றான்.

"போடா! அந்த ஊர்லேயும் யாராவது ஒரு கிழவி எதையாவது குத்திக்கிட்டுத்தான் இருப்பா. உன் படத்திலே அவளைக் காட்டமாட்டாங்க" என்றார் அத்தை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் சமைத்தோம். அன்று பார்த்து மிக்ஸி ஓடாமல் மக்கர் செய்தது. கடைக்குப் போகப் பையை எடுத்தவள், வாசற்படியில் நின்றேன்.

"அத்தை, பழையதை ரிப்பேர் செய்யலாமா, புதிதாக வாங்கலாமா?"

ஊஞ்சல் நின்றது. "என்னையா கேட்கிறே?"

"உங்களைத்தான்."

அத்தை சாவகாசமாக யோசித்தார். அந்த யோசனையை அவர் எவ்வளவு ரசித்தார் என்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"புதுசே வாங்கு" என்றார். "ஆனா, கொஞ்சம் சத்தம் கம்மியா இருக்கிறதாப் பாரு!"