பார்த்துச் செய்யுங்கள்

அதிகாரம் உள்ளவர் பேசினால் அவை அடங்கும், அது இயல்பு. கையில் ஏதுமற்றவர் பேச, அரசாள்பவர் செவிகொடுத்தார் என்றால் அந்தப் பேச்சுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குள் எழும் கேள்வி இது.

1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரையும் சிவகங்கைச் சீமையையும் ஒருசேர இழந்த வேலுநாச்சியார், ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று, அவர் சார்பில் பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரர், 5,000 காலாட்கள் வேண்டும் என்பது கோரிக்கை. பின்னர் ராணியே ஐதரைச் சந்தித்து உருதுவில் உரையாடினார் என்பது வழிவழிச் செய்தி. அது எங்கள் ஊர்க் கோட்டையில் நடந்ததென்று கேட்டே வளர்ந்தோம்.

துபாஷி ஒருவர் இடையில் நின்றால் சொல் போய்ச் சேரும். சொல்பவரின் நிமிர்வு சேராது. கேட்பவரின் மொழியிலேயே பேசியபோது ராணிக்கும் ஐதருக்கும் இடையில் எவரும் இல்லை. ஆர்க்காட்டு நவாபும் கும்பினியும் ஐதருக்கும் பகைவர்கள். எனவே நாடிழந்த கைம்பெண்ணின் முறையீடு, பொதுப்பகைவரை எதிர்க்கும் கூட்டாளியின் அழைப்பாகவும் இருந்தது. 1780-இல் சிவகங்கை மீண்டது.

எங்கள் சமவெளியில் வேறொரு பேச்சு மரபும் உண்டு. அலுவலக வாசலில் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட எங்கள் பெரியவர்கள், எல்லாவற்றையும் ஒரே தொடரில் முடித்துவிடுவார்கள்: "ஐயா, பார்த்துச் செய்யுங்க." மரியாதையான சொற்கள்தாம். ஆனால் என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்ற மூன்றையும் எதிரே இருப்பவரிடமே ஒப்படைத்துவிடும் சொற்கள். அவரும் பார்ப்பார், செய்வது அவர் விருப்பம்.

குளத்து வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. சென்ற முறை கொடுத்த மனுவில் 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்றிருந்தது. இம்முறை சர்வே எண்ணையும், அடைபட்ட நீளத்தையும், ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறோம். நீர் பாயாவிட்டால் தரிசாகும் ஏக்கர் எத்தனை என்பதையும் சேர்த்திருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதை வாசிக்கப்போகிறவர் எங்களுள் மிகவும் மெல்லிய குரல் உடைய அக்கா. குரலை உயர்த்த வேண்டாம், எண்களை மட்டும் விழுங்கிவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம்.