வேண்டாமென்று சொல்பவர்

சென்னையிலிருந்து பொன்னேரி மார்க்கமாக வடக்கே பிரயாணம் செய்கிறவனுக்கு, நெல்வயல்கள் மெல்ல மெல்லக் குறைந்து, சவுக்குத் தோப்புகளும் இறால் குட்டைகளும் தலைகாட்டி, காற்றில் உப்பின் வாசனை ஏறத் தொடங்கும்போதே, பழவேற்காடு சமீபித்துவிட்டது என்பது விளங்கிவிடும். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாக வடக்குத் தெற்கில் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வேரி, நமது தேசத்து உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல் தன் உப்பைக் கொண்டுவந்து கலக்க, அந்தக் கலப்பில் மடவையும் இறாலும் நண்டும் பெருகிச் சுற்றிலுமுள்ள குப்பங்களுக்கு ஜீவனம் அளித்து வருகின்றன. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வியாபாரத்தை நடத்தினர்; கோட்டை அழிந்து போயிற்று, அவர்களுடைய கல்லறைகளே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கல்லறைகளையும் மாரிக்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பிரயாணிகளின் வழக்கம். என்னுடன் வந்திருந்த என் தமக்கையின் மகனுக்கோ பறவைகளில் அத்தனை சிரத்தை இல்லை. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அவனுக்கு அடிப்படைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வழியெல்லாம் அதே பேச்சு.

"மாமா, அங்கே நமக்கு வாய்த்திருக்கிற உஸ்தாத் நல்லவர்தானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்டான். அந்நிலையத்தில் ஆசிரியர்களை உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். நான் வாலிபனாக இருந்தபோது அதே இடத்தில் பயின்றவன் என்பதால் அவன் என்னைக் கேட்டது நியாயம். பாறையில் ஏறும் லாவகம், கயிற்று முடிச்சுகளில் தேர்ச்சி, எத்தனை சிகரங்களில் கால் வைத்தவர் என்னும் கணக்கு ஆகியவற்றை எதிர்பார்த்தே அவன் கேட்டான் என்பது எனக்குத் தெரியும். அவற்றை அளவுகோலாகக் கொள்ள எனக்குச் சம்மதமில்லை. எனினும் அதற்கு மாறாக எதைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏரிக்கரை வந்துவிட்டது.

கோட்டைக்குப்பத்தில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அன்று அவர் வலையைச் சீர்செய்துகொண்டு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். வானம் நிர்மலமாக இருந்தது. தண்ணீரில் சிற்றலைகூட இல்லை என்று சொல்லலாம். முகத்துவாரம் வரை படகில் போய் வரவேண்டுமென்று பையன் ஆசைப்பட்டான். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் அவனுடைய கால்களைப் பார்த்தார், பிறகு, "தம்பிக்கு நீஞ்ச வருமா?" என்று கேட்டார், பிறகு எழுந்து சென்று, ஈர மணலில் நின்று, கிழக்கே முகத்தைத் திருப்பிச் சிறிது நேரம் அப்படியே இருந்தார். திரும்பி வந்து, "இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம் சார். தண்ணி கடலுக்கு இழுக்குது, வாடை எதிர்த்து அடிக்குது. ரெண்டும் முட்டிக்கிற எடத்துலே படகு நிக்காது" என்றார்.

கூடுதலாகப் பணம் தருவதாகப் பையன் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "காசு எங்கே தம்பி போயிடப் போவுது? நீ வூட்டுக்குப் போவணுமில்லே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையருகே உட்கார்ந்தார்.

இந்த ஏரியைக் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் சொன்னது மிகையாகத் தோன்றலாம். பெரும்பகுதியில் ஓர் ஆள் ஆழங்கூட இல்லாத நீர்நிலையில் என்ன அபாயம் வந்துவிடப் போகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் முகத்துவாரம் நிலையான வாசல் ஆகாது. மணல் சேர்ந்து குறுகும், இடம் பெயரும், சில வருஷங்களில் அடைபட்டும் போகும். உள்ளிருந்து வெளியேறும் நீரும் வெளியிலிருந்து வீசும் காற்றும் எதிர்ப்படும் வேளையில் அங்கே அலைகள் செங்குத்தாக எழும்பி உடைகின்றன. அரை மைல் இப்பால் நிற்கிறவனுடைய கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, உல்லாசமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இவ்வேரியில் 22 பேர் மாண்டனர். அதன் பின்னர் உல்லாசப் படகுச் சவாரியை அரசாங்கம் தடை செய்தது. தடை இருக்கிறது என்பதைப் பெரியவர் அறிவார். ஆயினும் அவர் எங்களிடம் சட்டத்தை எடுத்துச் சொல்லாமல் காற்றையும் தண்ணீரையுமே காரணமாகச் சொன்னார் என்பதை நான் கவனித்தேன். சட்டம் இல்லாத காலத்திலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மறுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தண்ணீரைப் பார்க்க வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனமில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியைக் கையில் எடுத்து, முழங்கால் அளவு ஆழமுள்ள பக்கமாக எங்களை நடத்திச் சென்றார். பாதத்தைத் தூக்கி வைக்காமல் சேற்றோடு தேய்த்துத் தேய்த்து நடக்கவேண்டும் என்றார். திருக்கை மீன் மணலில் புதைந்து கிடக்குமாம். மேலே மிதித்தால் வாலின் முள்ளைப் பாய்ச்சிவிடும், தேய்த்துக்கொண்டு போனால் அதுவே விலகிக்கொள்ளும். கழியை ஊன்றும்போது அது எழுப்பிய சப்தத்தைக் கொண்டே, இது மணல், இது களி, இங்கே கிளிஞ்சல், இங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சற்று நேரம் சென்றதும் சொல்வதை நிறுத்திவிட்டு, கழியைப் பையன் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னார். நான்கு முறை ஊன்றியபின் அவன் ஓரிடத்தில் நின்று, தயங்கி, இடப்பக்கம் திரும்பினான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவரும் இடப்பக்கமே திரும்பினார்.

அப்பால் சிறிது தூரத்தில் இருளர் வகுப்பைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, கைகளால் தரையைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளருகில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. வாயில் பறி இருந்தபடியால் கிழவியால் பேச முடியாது. பேச வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை. குழந்தையின் கையின்மேல் தன் கையை வைத்து, நீருக்கடியில் இரண்டு கைகளையும் சேர்த்தே நகர்த்தினாள்; இறால் தட்டுப்பட்ட கணத்தில் தன் கையை எடுத்துவிட்டாள். பிடித்தது குழந்தைதான். "ஆயா!" என்று கத்திக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டிற்று. கற்பிக்கும் கலையைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. கையை எடுக்கவேண்டிய அந்தக் கணத்தை அவற்றில் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

நான் பயின்ற காலத்தில், உத்தரகாசிக்கு அருகே டெக்லா என்னும் இடத்துப் பாறைகளில் எங்களுக்கு முதற்பாடம் நடந்தது. பின்னர் டோக்ரியானி பனியாற்றுக்கு அழைத்துச் சென்றார்கள். எங்கள் உஸ்தாத் அதிகம் பேசாத மனிதர். ஏற்றத்தில் அவர் ஒருபோதும் முதலில் சென்றவனைப் பார்த்ததில்லை. கடைசியில் வருகிறவனுடைய மூச்சையும் நடையையும் கவனித்துக்கொண்டே வருவார், அவனுக்கு ஏற்றபடி அணி முழுவதும் நடக்கும். பனிவெடிப்புகள் மறைந்திருக்கும் இடங்களில் பனிக்கோடரியின் பிடியைக் குத்திப் பார்த்து, அதன் கீழே தரை இருக்கிறதா, வெறுமை இருக்கிறதா என்று கையின் உணர்ச்சியாலேயே அறிவார். பழவேற்காட்டுப் பெரியவரின் மூங்கில் கழி செய்த காரியத்தைத்தான் அந்தக் கோடரியும் செய்தது. ஒரு நாள், மேலே செல்வதற்கு எல்லாம் சித்தமாக இருந்த விடியற்காலையில், முந்தின இரவு விழுந்த புதுப்பனியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, இன்று கீழே போகிறோம் என்றார். சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஆறுதல் சொல்லவுமில்லை, காரணத்தை மறைக்கவுமில்லை. அந்தப் பனியை ஒவ்வொருவர் கையிலும் வைத்து, அது ஏன் கீழுள்ள பழைய பனியோடு ஒட்டாது என்பதை விளக்கினார்.

டென்சிங் நார்கேயை உலகம், அவர் எவரெஸ்டின் உச்சியில் கால் வைத்த 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதிக்காக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவரிடத்தில் உள்ள மதிப்பு அதற்கு முந்தின வருஷத்திலேயே தொடங்குகிறது. 1952-இல் சுவிஸ் நாட்டு மலையேறி லாம்பேருடன் அவர் எவரெஸ்டில் ஏறக்குறைய 8,600 மீட்டர் உயரம் வரை ஏறிவிட்டு, அதுவரை எவரும் எட்டியதாக நிச்சயப்படாத அந்த உயரத்திலிருந்து, சிகரம் சமீபத்தில் இருக்கும்போதே திரும்பி இறங்கினார். இருவரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மறுவருஷத்து வெற்றிக்கு வேண்டிய அறிவில் ஒரு பங்கு அந்த இறக்கத்தில் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் திரும்பிவிடு என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது; அப்படிச் சொல்வதற்கு உரிமையும் வேண்டும். 1922-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் குழுவினர் எவரெஸ்டின் வடகணவாய்ச் சரிவில் புதுப்பனியின்மேல் ஏறியபோது பனி சரிந்து 7 பேர் மாண்டனர். எழுவரும் சுமை தூக்கிச் சென்றவர்கள். அந்தச் சரிவைப் பற்றி அவர்களுக்கு ஏதேனும் அபிப்பிராயம் இருந்திருக்கலாம். கூலிக்கு வந்தவரிடம் அதைக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. 1935-இல் எவரெஸ்டுக்குச் சென்ற ஷிப்டனின் பிரிட்டிஷ் குழுவில் சுமைகாரராகச் சேர்ந்துதான் டென்சிங்கும் மலைத்தொழிலைத் தொடங்கினார். அப்படித் தொடங்கியவர், 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டபோது, அதன் களப்பயிற்சி இயக்குநராக நியமனம் பெற்றார். எழுதப் படிக்கக் கற்றிராத ஒருவரிடம், ராணுவ அதிகாரிகளும் கல்லூரி மாணவர்களும் மாணாக்கராய் வந்து நின்றார்கள். அந்த நியமனத்தை வெறும் கௌரவம் என்று எண்ணுகிறவர்கள் அதன் பொருளில் பாதியைத்தான் கண்டவர்கள். இன்று ஏறவேண்டாம் என்று அவர் சொன்னால் அணி இறங்கும். அதனால் அவருடைய சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. எவரெஸ்டில் இன்று வியாபாரமாக நடக்கும் ஏற்றங்களிலோ, சிகரத்தை எட்டினால் ஷெர்ப்பாவுக்குத் தனி வெகுமதி என்ற ஏற்பாடு சகஜமாகிவிட்டது. குடும்பம் அந்த வெகுமதியை நம்பியிருக்க, திரும்பிவிடலாம் என்று சொல்ல எத்தனை திடசித்தம் வேண்டும்!

இவ்வளவும் இருந்தும் மலை கருணை காட்டுவதில்லை. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தரகாசி நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சி அணி திரௌபதி கா டாண்டா இரண்டாம் சிகரத்தை நெருங்கியபோது பனிச்சரிவில் சிக்கி, பயில வந்தவரும் ஆசிரியருமாக 29 பேர் மறைந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் 16 நாள்களுக்குள் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் ஏறி முடித்திருந்த சவிதா கன்ஸ்வால் அவர்களுள் ஒருவர். அவர் அங்கே ஆசிரியையாகச் சென்றிருந்தார். அந்தச் செய்தி வந்த நாள்களில் என்னால் வேறெதுவும் படிக்க முடியவில்லை. இதைப் பையனிடமும் மறைக்கவில்லை. போகவேண்டாம் என்று அவனைத் தடுக்கவும் நான் விரும்பவில்லை.

பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு வருகிறேன். வேண்டாமென்று சொல்லும் சக்தியைச் சமூகமே சேர்ந்து ஒருவனுக்கு அளிக்க முடியும் என்பதற்கு இங்கே ஒரு பழைய அத்தாட்சி இருக்கிறது. பாடு என்று அதைச் சொல்வார்கள். இறால் பிடிக்கும் இடங்களை வகுத்து, தலைக்கட்டுக் கணக்கில் உரிமை பெற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்து விடுகிறார்கள். இன்று மோசமான இடம் வாய்த்தவனுக்கு நாளை நல்ல இடம் வரும். ஆகையால் பிறனை முந்திக்கொண்டு இருட்டிலும் புயலிலும் ஓடவேண்டிய நிர்ப்பந்தம் ஒருவருக்கும் இல்லை. இம்முறை குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பட்டினவர் என்னும் மீனவ வகுப்புக் குடும்பங்களுக்கு உரிய அந்தச் சீட்டில், நாங்கள் கண்ட இருளர் மூதாட்டிக்குப் பங்கில்லை, அவளுக்குரியது கையால் தடவிக் கிடைப்பது மட்டுமே. அதை மாற்றத்தான் வேண்டும். என்றாலும், மனிதனுடைய நிதானத்துக்குப் பின்னால் அவனுடைய வயிறு இருக்கிறது என்பதை உணர்ந்தவர்கள்தாம் பாடு முறையை ஏற்படுத்தினார்கள்.

துறைமுகம் கட்டப்படுமுன் சென்னைக் கரையிலும் அலை மிகுந்த நாளில் கொடி ஏற்றி, இன்று படகு செல்லலாகாது என்று நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அறிவிக்கும் வழக்கம் இருந்தது. எத்தனை பெரிய கம்பெனியின் சரக்கானாலும் அந்தக் கொடி இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பழவேற்காட்டில் இன்று இருப்பதோ ஒரே நிரந்தரத் தடை. அது உயிர்களைக் காப்பது உண்மை; ஆனால் எந்த நாள் தகும், எந்த நாள் தகாது என்று அறிந்தவருடைய அறிவுக்கு அதில் இடமே இல்லை. படகோட்டிப் பிழைத்தவர்களுடைய வருமானமும் அதோடு போயிற்று. குப்பங்களில் அனுபவம் முதிர்ந்த சிலரைத் தேர்ந்து, வழிகாட்டி என்னும் உத்தியோகத்தை அவர்களுக்கு அளித்து, படகு போனாலும் போகாவிட்டாலும் மாதச் சம்பளம் கொடுத்து, மிதவைச் சட்டையும் ஆள் கணக்கும் கண்டிப்பாக்கி, அன்றன்றைய முடிவை அவர்களிடமே விட்டுவிடலாம். டார்ஜிலிங்கில் 1954-இல் செய்யக்கூடியதாக இருந்தது பொன்னேரித் தாலுகாவில் ஏன் ஆகாது? மீனவக் குப்பத்துக்கும் மலைக்கும் சம்பந்தமில்லை என்றும் இனிமேல் யாரும் சொல்ல முடியாது. சென்னைக்குத் தெற்கே கோவளம் என்னும் கடற்கரைக் கிராமத்திலிருந்து புறப்பட்ட ராஜசேகர் பச்சை 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் ஏறி வந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது பொன்னேரியைத் தாண்டியபின் பையன் தன் கேள்வியைத் தானே மறுபடியும் எடுத்தான். உஸ்தாத் எத்தனை சிகரம் ஏறியவர் என்று கேட்கப் போவதில்லை என்றும், எத்தனை சிகரங்களிலிருந்து பாதியில் இறங்கினார் என்று கேட்கப்போவதாகவும் சொன்னான். கேட்கலாம், ஆனால் முதல் வாரத்திலேயே கேட்காதே, அவர் உன்னைக் கொஞ்சம் பார்த்து முடிக்கட்டும் என்றேன்.