கல் தலையணை

சித்தன்னவாசலுக்கு எல்லோரும் ஓவியம் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளத்தில் யானை, மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்த செய்தி அங்கே கல்வெட்டாக இருக்கிறது. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

கார் ஓட்டி வந்தவருக்கு அவசரம். "குடுமியான்மலை இருக்கு, நார்த்தாமலை இருக்கு, திருமயம் கோட்டை இருக்கு சார். மேல ஒண்ணுமில்ல. சாமியாருங்க படுத்த வெறும் கல்லுதான்" என்றார். முந்தின இரவு புதுக்கோட்டை லாட்ஜில் தூக்கம் கெட்டவனுக்குப் 'படுத்த' என்ற சொல் போதாதா? ஏறிவிட்டேன்.

மேலே இருக்கும் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறையில் கால் வைக்க ஏழு இடங்களில் வெட்டியிருப்பதால் வந்த பெயர். இன்று பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. எனக்கு அப்படியும் முழங்கால் நடுங்கியது. குகைக்குள் பளபளவென்று தேய்த்த 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் கல்லைச் சற்று மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். தலையணை!

இங்கே படுத்தவர்கள் சமணத் துறவிகள். வீட்டை விட்டவர்கள், உறவை விட்டவர்கள், தலைமயிரைக்கூடக் கையால் பிடுங்கிப் போட்டவர்கள். தலைக்கு உயரம் மட்டும் வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது.

என் தாத்தாவிடம் பலா மரத்தில் கடைந்த தலைக்கட்டை ஒன்று இருந்தது. காசிக்குப் போய்வந்தபோது பிடித்ததை விட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் பாகற்காயை விட்ட காலத்தில் அவர் நிஜமாகவே காப்பியை விட்டார். பிறகு வெற்றிலையை விட்டார். கடைசியில் சித்தப்பாவோடு பேச்சையும் விட்டார். கட்டையை மட்டும் விடவில்லை. அத்தை ஒருமுறை இலவம்பஞ்சில் புதுத் தலையணை தைத்துக் கொண்டுவந்தாள். ஒரு மத்தியானம் வைத்துப் பார்த்துவிட்டு, "மெத்துன்னு இருந்தா தலை எங்க இருக்குன்னே தெரியலடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டையின் நடுவில் வழவழவென்று ஒரு குழி. தச்சன் கடைந்ததா, தாத்தா படுத்துப் படுத்து விழுந்ததா என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. "அவர் மண்டைக்கு எந்தக் கட்டையும் தேயும்" என்பாள் பாட்டி. அவர் போன பிறகு அது கொஞ்ச காலம் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தது. அப்புறம் காணவில்லை.

குகையில் ஒரு படுக்கையின் ஓரமாகத் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் வருஷப் பழசு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த இன்னாருக்கு இன்னார் செய்து கொடுத்த இருக்கை என்கிறது. ஆக, பெயர் சொல்லிச் செய்த படுக்கை. அவரைப் படுக்க வைத்து அளவெடுத்தார்களா? "இன்னும் ஒரு விரல் உயரம் போதும்" என்று அவர் கூச்சத்தோடு சொல்லியிருப்பாரா? வேறு படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்துத் திருநீலன், திருப்பூரணன் என்றெல்லாம் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். அத்தனை காலமும் இங்கே ஆள் மாறி ஆள் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் தலைக்குச் செதுக்கிய மேடு அடுத்தவர் கழுத்துக்கு எப்படிப் பொருந்தியதோ. கல்லைத் தட்டிப்போட்டுச் சரிசெய்யவும் முடியாது. உண்ணாநோன்பிருந்து உயிர் விடுவது சமணத் துறவிகளின் வழக்கம். இதில் படுத்த யாரோ ஒருவர் எழுந்திருக்காமலே போயிருக்கவும் கூடும். அவருக்கும் தலைமாடு உயரமாகத்தான் இருந்திருக்கும்.

படுத்துப் பார்க்க ஆசை. விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இறங்கி வந்ததும், "என்ன சார் இருந்துச்சு மேல?" என்றார் ஓட்டுநர்.

"தலகாணி" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். வண்டியைக் கிளப்பியவர், திருமயம் வந்து சேரும்வரை தன் கழுத்து வலியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.