வைரப் பல்லும் மனித விரலும்

வைரம் என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவன மூக்குத்தியும் தோடுந்தாம். நகைக்கடை விளக்கொளியில் அது சிரிப்பதைக் கண்டு மயங்குகிறோம். விலையைக் கேட்டு விலகிக் கொள்கிறோம். ஆனால் வைரத்திற்கு இன்னொரு வாழ்வும் உண்டு. எஃகுக் குழாய் ஒன்றின் வாயில் பல்லாக அமர்ந்து, சேற்றைப் பூசிக்கொண்டு, கருங்கல்லை அரைத்து அரைத்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு இறங்கும் உழைப்பாளியின் வாழ்வு அது. அந்த உழைப்பாளி வைரத்தைப் பற்றியும், அதன் பக்கத்தில் நின்று வேலை செய்யும் மனிதரைப் பற்றியும் நம் மன்ற மலரில் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

ஆழ்குழாய்க் கிணறு போடுவோர் பாறையைத் தூளாக்கி வெளியே தள்ளிவிடுவர். அவர்களுக்கு வேண்டியது துளை. நிலவியல் படிக்கும் எங்களுக்கு வேண்டியதோ பாறை. ஆகையால் வைரத் துளைப்பொறியின் பிட் நடுவே வெறுமையான வளையமாக அமைந்திருக்கும். அது சுழலும்போது வளையத்தின் அளவுக்கு மட்டும் பாறை அரைபடும். நடுவில் எஞ்சிய பாறை உருளையாகக் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். வாழையின் மட்டைகளை உரித்துவிட்டுத் தண்டை மட்டும் எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டுக்குத் தொழிலாளர் வழங்கும் பெயர் 'கோர்'. இன்று பெரிதும் பயன்படும் என்.கியூ. என்னும் அளவில் துளை ஏறக்குறைய 76 மில்லிமீட்டர், கோர் 47.6 மில்லிமீட்டர். மண்ணுக்கடியில் செம்பு உண்டா, யுரேனியம் உண்டா, அணை கட்டப் பாறை தாங்குமா என்பனவற்றுக்கெல்லாம் விடை கூறுவது அந்தத் தண்டுதான்.

1860-களில் லெஷோ என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இம்முறைக்கு வழிகாட்டினார். அந்நாளில் இயற்கை வைரங்களையே பிட்டில் பதித்தார்கள். செயற்கை வைரம் செய்யப்பட்ட செய்தி 1955-இல் வெளியானபின் நிலைமை மெல்ல மாறியது. இன்று பெரும்பாலான பிட்டுகளில் செயற்கை வைரத் துகள்கள் உலோகப் பொடியோடு கலந்திருக்கின்றன. உலோகம் தேயத் தேய மழுங்கிய துகள் உதிரும். உள்ளிருந்து கூரிய துகள் ஒன்று முகங்காட்டும்.

சென்ற குளிர்காலத்தில் ஜார்க்கண்டின் கிழக்குச் சிங்பூம் மாவட்டத்தில் ஒரு துளைப்புக் களத்தில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அங்கே பொறியை இயக்கியவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலிற் பிறந்தவர். 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்ற அந்தச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டதும், அங்கே கற்ற தொழிலைத் தோளிற் சுமந்துகொண்டு வடக்கே வந்தவர். உடன் வேலை செய்தவர்கள் சந்தாலியும் வங்காளமும் இந்தியும் பேசுவோர். காட்டுக்கு நடுவே தமிழ்க் குரல் ஒன்றைக் கேட்ட மகிழ்ச்சியில் முதல் நாளே எந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, என்ஜின் ஓடறப்போ காட்டற சாமர்த்தியம் கால் பங்கு. ஓடறதுக்கு முன்னாடி காட்டற பொறுமை முக்கால் பங்கு. அந்த முக்காலை முதல்ல பாருங்க" என்றார். பார்த்தேன். என்ஜின் ஓட இரண்டு நாள் ஆயிற்று.

முதல் வேலை தலைக்குமேல் பார்ப்பது. உயர்ந்த கோபுரத்தை நிமிர்த்தும் இடத்தில் மின்கம்பி போகிறதா? காய்ந்த மரக்கிளை தொங்குகிறதா? நிமிர்த்திய கோபுரத்தோடு பொறியை நகர்த்துதல் கூடாது என்பதும் அப்போதே சொல்லப்பட்டது. அடுத்தது காலுக்குக் கீழே பார்ப்பது. சரிவான நிலத்தைச் சமன் செய்யும்போது ஒரு பக்கத்தை வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டுவது எளிய வழி. ஆனால் பொறியைக் கொட்டிய மண்ணின்மேல் நிறுத்த அவர் உடன்படவில்லை. புதுமண் அமுங்கும், பொறி சாயும். வெட்டிய கெட்டி நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, நான்கு மூலையும் அசையாமல் இறுக்கினார்கள். இதிலே உயிர்க்காப்பு மட்டுமன்றிக் கணக்கும் இருக்கிறது. தொடக்கத்தில் 1 பாகை தவறினால், 300 மீட்டர் ஆழத்தில் துளை ஏறத்தாழ 5 மீட்டர் விலகிப் போயிருக்கும். நாம் தேடும் தாதுப்படலம் 2 மீட்டர் கனம் என்றால், எங்கோ துளைத்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவோம்!

பிறகு இரும்புக்கயிறு. அதன் இழைகளில் அறுந்தவை உண்டா என்று விளக்கின் வெளிச்சத்தில் முழ முழமாகப் பார்த்தார். கப்பியின் ஊசிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார். பம்பிலிருந்து வரும் அழுத்தக் குழாயின் இணைப்பைச் சங்கிலியால் பொறியோடு கட்டினார். இணைப்பு கழன்றால் அந்தக் குழாய் சவுக்கைப்போல் வீசி ஆளை அடிக்குமாம். சேற்றுநீர்க் குழியைச் சுற்றி வேலியிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் திரியும் இடம் அது. சுழலும் ராடைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கூண்டு திறந்திருந்தால் சுழற்சி இல்லை. அவசரத்தில் பொறியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஒவ்வொரு முறைமாற்றத்திலும் ஒரு தடவை அழுத்திப் பார்த்த பின்னரே வேலை.

கடைசியாக எங்களைப் பார்த்தார். வடநாட்டுத் தொழிலாளரின் கழுத்தைவிட்டு அகலாதது கம்சா என்னும் துண்டு. நம் ஊர்த் தோள்துண்டின் உடன்பிறப்பு. அதைக் கழற்றி மரத்தில் மாட்டச் சொன்னார். கைக்கயிறு, மோதிரம், தொளதொளத்த சட்டைக்கை, பெரிய கையுறை ஒன்றும் ராடின் அருகே ஆகாது. ஓர் இளைஞர் சாமிக்கயிற்றைக் கழற்றத் தயங்கினார். "சாமி கோவிச்சுக்காது, மெஷின் கோவிச்சுக்கும்" என்று ஐயா இந்தியிலே சொல்ல, எல்லாரும் சிரித்தோம். கயிறு சட்டைப்பைக்குள் சென்றது.

இனி இயக்கும் முறை. மேல்மண்ணில் துளையின் சுவர் சரியாமலிருக்கக் கெட்டிப் பாறை வரையில் காப்புக்குழாய் இறக்குவார்கள். பின்னர் ராடுகளை இறக்கி, முதலில் தண்ணீரை விடுவார்கள். தண்ணீர் துளையின் வாய்வழியே திரும்பி வருவதைக் கண்ணாற் கண்ட பிறகே சுழற்சி. பிட்டைக் குளிர்விப்பதும், அரைத்த தூளை மேலே கொண்டுவருவதும் அந்தத் தண்ணீரே. அது நின்றுபோனால் சில நிமிடங்களுக்குள் பிட் வெந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும். வைரம் உலகிலேயே கடினமான பொருள்தான். ஆயினும் தண்ணீரின் தயவில் வாழ்வது.

ஓட்டுபவரின் கண் அழுத்தமானியில் இருக்க வேண்டும். நீரழுத்தம் திடீரென ஏறினால் குழாய்க்குள் கோர் சிக்கியிருக்கலாம், தூள் அடைத்திருக்கலாம். அழுத்தம் இறங்கி, திரும்பி வரும் நீரும் நின்றால், ஏதோ ஒரு வெடிப்பு நீரைக் குடிக்கிறது. நீர் திரும்பி வந்துகொண்டிருக்க அழுத்தம் மட்டும் இறங்கினால், ராடின் இணைப்பில் கசிவு இருக்கலாம். எதுவாயினும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலும் அழுத்தினால் இறங்கும் என்று எண்ணுவது பேதைமை. சிக்கிய கோரின்மேல் அழுத்தினால் மீட்டர்க் கணக்கு இறங்கும். ஆனால் கீழே இருக்கும் பாறை தண்டாக ஏறாமல் மாவாகப் போய்விடும்.

குழாய் நிரம்பியதும் மெல்லிய இரும்புக்கயிற்றில் கொக்கியை இறக்கி உட்குழாயை மட்டும் மேலே இழுப்பார்கள். 3 மீட்டர் நிறைந்த என்.கியூ. கோர் ஏறத்தாழ 14 கிலோ எடை இருக்கும். புட்டுக்குழலிலிருந்து புட்டைத் தள்ளுவதுபோல் அதைப் பெட்டியில் இறக்க வேண்டும். ஆனால் குழாயின் வாயில் கையை ஏந்துதல் கூடாது. ஒட்டியிருந்த கல் ஒரே நொடியில் வழுக்கி விழும். இரும்புச் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. மரச்சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். பெட்டியில் இடமிருந்து வலமாக, புத்தகத்தின் வரிகளைப்போல் அடுக்கி, ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் ஆழத்தை எழுதிய மரத்துண்டு வைப்பார்கள். 3 மீட்டர் துளைத்து 2.6 மீட்டர் கோர் வந்தால், 0.4 மீட்டர் காணவில்லை என்று எழுத வேண்டும். துண்டுகளை விலக்கி வைத்து 3 மீட்டராகக் காட்டுவது பொய்க்கணக்கு. அந்தக் காணாமற்போன 40 சென்டிமீட்டரே, பின்னொரு நாள் அணையைத் தாங்க வேண்டிய பலவீனமான பாறையாக இருக்கலாமன்றோ?

இத்தனையும் எழுதக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் முகாமில் ரொட்டி சுட்டுத் தந்த இளைஞருக்கு என் வயதுதான், இருபத்துமூன்று. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மூன்று விரல்களால் மாவு பிசைவார். முதல் வாரம் கேட்க நாணினேன். பிறகு அவரே சொன்னார். முன்பு வேறோர் ஒப்பந்தக்காரரின் களத்தில் ஹெல்பராக இருந்திருக்கிறார். இரவு முறை. ராடின் திருகு இறுகிக் கழலவில்லை. அவர் பைப் ரெஞ்சைப் போட்டுப் பிடிக்க, ஓட்டுபவர் கை விலகிவிட்டதென எண்ணிப் பொறியைத் தலைகீழாகச் சுழற்றினார். ரெஞ்சின் பிடி சுற்றிவந்து கோபுரத்தின் காலில் மோதியது. இடையில் விரல்கள் இருந்தன. பொறியை நிறுத்திவிட்டுத் திருகைக் கழற்றுவதே முறை. அதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அந்த மாதக் கணக்கு நிறைவேற இன்னும் 6 மீட்டர் மீதி இருந்ததாம்.

"அந்த 6 மீட்டர் பிறகு ஆச்சா?" என்று ஐயா கேட்டார். "மறுநாளே ஆச்சு" என்றார் இளைஞர். பிறகு யாரும் பேசவில்லை.

அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். விரலைக் கொண்டுபோன அவசரமும் கோரை மாவாக்கும் அவசரமும் வேறுவேறல்ல. மட்டப்பலகை வைக்க நேரமில்லாதவன் துளையையும் கோணலாக்குகிறான், ஆளையும் சாய்க்கிறான். அழுத்தமானியைப் பார்க்கப் பொறுமையற்றவன் பிட்டையும் எரிக்கிறான், உண்மையையும் அரைக்கிறான். எங்கள் களத்திலே ஐயாவின் கோர்ப்பெட்டிகள் ஏறக்குறைய முழுமையாக நிறைந்திருந்தன. அவருடைய ஆட்களின் கைகளும் முழுமையாக இருந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பாதுகாப்பு என்பது வேலையிலிருந்து திருடப்பட்ட நேரம் என்று சிலர் நினைக்கின்றனர். நான் கண்டவரையில் அதுவே வேலை.

இந்த அவசரம் எங்கிருந்து பிறக்கிறது? ஹெல்பரிடமிருந்து அன்று, ஓட்டுபவரிடமிருந்தும் அன்று. ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் ஒரு குரல் கேட்கும்: "ஆஜ் கித்னா மீட்டர் ஹுவா?" இன்று எத்தனை மீட்டர் ஆயிற்று? மீட்டருக்கு இவ்வளவு என்று பணம் பேசப்பட்ட இடத்தில் அந்தக் கேள்வி அலுவலகத்திலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து ஒருவருடைய விரல்களுக்கும் இறங்கி வருகிறது. கேட்பவர் தீயவர் அல்லர். அவரும் நம்மைப்போல் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவரே.

நண்பர்களே! இம்மலரைப் படிக்கும் உங்களுள் நிலவியல் மாணவர் சிலரே இருப்பர். ஆயினும் நம்மில் பலர் நாளை தொலைபேசியின் இந்த முனையில் அமரப்போகிறவர்கள். தொழிற்சாலையாயினும், கட்டட வேலையாயினும், ஆய்வுக்கூடமாயினும், நாம் கேட்கும் கேள்விக்குத் தக்கவாறே அங்கே ஒருவர் கை அவசரப்படும், அல்லது நிதானிக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. அந்த ஆத்திரத்தைத் தொலைவிலிருந்து ஊட்டுகிறவனுக்கோ விரல்கூடப் போவதில்லை.

எனவே நான் எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் அமர்ந்ததும், மாலையில் களத்தை அழைத்தால் முதற்கேள்வி ஆட்கள் எல்லாரும் நலமா என்பது. இரண்டாவது, கோர் எவ்வளவு கிடைத்தது என்பது. எத்தனை மீட்டர் என்பது மூன்றாவதாக வரட்டும்.

பிட்டின் வைரம் தேய்ந்தால் உள்ளிருந்து இன்னொன்று முளைக்கும். விரல் முளைக்காது.