வீடாகி நின்ற மீட்புப் படகு

இங்கிலாந்தின் தென்கரையில் ஹைத் என்னும் ஊரில், 1936-ஆம் ஆண்டு, விமானப் படைக்கென ஒரு விசைப்படகு கட்டப்பெற்றது. நீளம் 64 அடி, உடல் மரம். பெயரில்லை, 102 என்னும் எண் மட்டுமே. எஞ்சின்களை எண்ணாலேயே அழைத்துப் பழகிய ரயில்வேக்காரராகிய நமக்கு அது குறையாகத் தோன்றாது.

கடலில் வீழ்ந்த விமானிகளை மீட்பதே அதன் பணி. குளிர்ந்த வடகடலில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர் தரியான். ஆதலின் வேகமே மருந்து. 500 குதிரைத் திறனுள்ள இயந்திரங்கள் மூன்று அவ்வேகத்தைத் தந்தன. 1941-இல் இரண்டே திங்களில் 38 பேரை அது கரை சேர்த்தது. ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானமொன்றின் குழுவினரும் அவர்களுள் அடங்குவர். தத்தளிப்பவனிடம் எந்நாட்டான் என்று வினவ நேரமேது?

போருக்குப் பின் டார்ட்மவுத் நகரை அடுத்த ஓடையொன்றில் அதனைக் கட்டி நிறுத்தி வீடாக்கினர். ஓடாத படகு என்று இகழ்வாரும் உண்டு. நமக்கோ அங்கு நடந்த குடித்தனமே அதனைக் காத்தது என்று தோன்றுகிறது. ஆளற்ற மரப்படகு மழைநீரில் மக்கிப்போகும். கூரை ஒழுகினால் குடியிருப்பவன் வாளாவிரான். வாடகை வீட்டில் வாழும் நம் அன்பர்கள் இதனை நன்கறிவர்.

பின்னர் அதனைப் பழுதுபார்த்துப் பழைய உருவாக்கினர். 1996-இல் மீண்டும் நீரில் இறக்கி வைத்தவர் அரசியின் அன்னையார். 1941-இல் கணவர் ஆறாம் ஜார்ஜ் மன்னருடன் வந்து இப்படகைப் பார்வையிட்டவரும் அவரே.