அப்புவின் கால்கள் எங்கே?

உள்ளங்கையில் ஓர் ஆள் நிற்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவன் கையை நீட்டுவான். பொம்மை சைஸில் இன்னொருவன் அதன்மேல் நின்று டான்ஸ் ஆடுவான். "எல்லாம் கம்ப்யூட்டர் வேலைடா" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு டேப்பும் கொஞ்சம் கணக்கும் போதும் என்பதை நாங்கள் மூன்று பேர் மாடம்பாக்கம் ஏரிக்கரையில் செய்தே பார்த்தோம்.

தரை சமமாக உள்ள இடத்தில், செல்போனை 120 செ.மீ. உயரத்தில் நிறுத்தினோம். ஒருவன் 2 மீட்டரில் நின்றான். இன்னொருவன் அவனுக்குப் பின்னால், செல்போனிலிருந்து 12 மீட்டரில். தூரம் 6 மடங்கு என்றால் உருவம் ஆறில் ஒரு பங்கு. 168 செ.மீ. நண்பன் 28 செ.மீ. பொம்மை ஆகிவிட்டான்! அவன் பாதம் எங்கே தெரியும்? வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி, முன்னால் நிற்பவனின் 100 செ.மீ. உயரத்துக்கு நேராக. அங்கே உள்ளங்கையை நீட்டச் சொன்னோம். கச்சிதமாகப் பொருந்தியது. நல்ல வெயில் இருந்ததால் இருவருமே தெளிவாக விழுந்தார்கள். ஒருவன் மங்கலாகத் தெரிந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கேமரா நகர்வது. செல்போனைப் பக்கவாட்டில் 30 செ.மீ. தள்ளினால், பொம்மை உள்ளங்கையை விட்டு 25 செ.மீ. விலகி அந்தரத்தில் நிற்கும்! இந்த வித்தை ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான் பலிக்கும். 2001-இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தில் குள்ளர்களைக் காட்ட இதே முறையைப் பயன்படுத்தினார்கள். கேமரா நகர்ந்தபோது நடிகரையும் மேடையோடு சேர்த்து நகர்த்திச் சமாளித்தார்கள்.

சரி, நம்ம ஊர் அதிசயத்துக்கு வருவோம். 1989-இல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்'. இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ், ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். அதில் குள்ளன் அப்புவாகக் கமல்ஹாசன். அதுவும் தூரத்து வித்தைதானா? நான் நாலைந்து தரம் பார்த்து யோசித்தேன். அப்பு மற்றவர்களைத் தொடுகிறான், அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறான். தள்ளி நிற்பவனால் அது முடியாது. அப்படியானால் கால்கள் எங்கே போயின?

பதில் சொன்னது எங்க அப்பா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ரோட்டோரம் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறவர். டி.வி.யில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முட்டிக்குக் கீழ பள்ளத்துல இருக்குப்பா. நான் பள்ளத்துல நிக்கறப்ப ரோட்டுல போறவங்களுக்கு அப்படித்தான் தெரிவேன்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர் சொன்னது சரிதான். நேர்க்கோணக் காட்சிகளுக்கு முழங்கால் வரை மறைகிற மாதிரி பள்ளம் தோண்டினார்கள், முழங்காலில் தனி ஷூவைப் பொருத்தினார்கள் என்று இயக்குநரே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். உட்காரும் காட்சிகளுக்குச் செயற்கைக் கால்கள் செய்தார்களாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா எங்கே நிற்க வேண்டும், பள்ளம் எங்கே முடிய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். இது பொறியியல் அல்லாமல் வேறென்ன?

நண்பர்களே, ஒரு அதிசயத்தைக் கண்டால் கைதட்டுவோம், தப்பில்லை. ஆனால் கேமரா எங்கே நின்றது என்று ஒரு கேள்வியும் கேட்போம். நமக்கு டிப்ளமோ கற்றுத்தர வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். கூடவே இன்னொன்று. கமலின் நடிப்பை உலகமே பாராட்டியது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்களும் கடப்பாரை பிடித்த கையோடு அங்கேதான் நின்றிருப்பார்கள், கேமராவுக்கு வெளியே. நாளைக்கு நாம் சூப்பர்வைசராக சைட்டில் நிற்கும்போது, பள்ளத்துக்குள் இருப்பவர் நம் கண்ணுக்குக் குள்ளமாகத் தெரிவார். அது நாம் நிற்கிற இடத்தின் கோளாறு. அவருடைய உயரம் குறைந்துவிடவில்லை.